முள் யாருக்கு எதிராக? ஆடு தின்கிறது, பூச்சி உட்காருகிறது, அப்புறம் எதற்கு இவ்வளவு முள்?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் முள்ளைப் பற்றி இரண்டே வரி படித்தோம். ஆடுமாடு தின்னாமல் காக்கும் என்பது ஒன்று. இலை முள்ளாக மாறினால் தண்ணீர் வீணாகாது என்பது இன்னொன்று. மானாமதுரைப் பக்கத்துப் பொட்டல்களில் நடந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டு வரியும் போதாது.

வெள்ளாடு முள்மரத்தைத்தான் தேடிப் போகிறது. உடைமரக் கொப்பைத் தொரட்டியால் வளைத்துக் கொடுத்தால் மற்றதை விட்டுவிட்டு ஓடி வருகிறது. முள் எங்கே காத்தது? சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் வடிகிறது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அவ்வளவு கொடிய பாலை வைத்துக்கொண்டு முள்ளும் எதற்கு? கருவேலங்கன்றைத் தொட முடியாது, உடம்பெல்லாம் முள். அதே மரம் முதிர்ந்த பிறகு கொப்பில் முள்ளைத் தேட வேண்டியிருக்கிறது. கடைசியாக, மேய்ச்சலே இல்லாத பாலைவனத்துச் செடிகளில் முள் இன்னும் அடர்த்தியாக இருப்பதைப் படங்களில் பார்க்கிறோம். அங்கே யாருக்கு எதிராக?

தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

---

வாத்தியார்_தாவரவியல் எழுதியது:

நல்ல கேள்விகள் தம்பி. தண்ணீர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாடநூல் வரி அங்கேதான் பிள்ளைகளைக் குழப்புகிறது.

தண்ணீர் மிச்சமாவது இலை இல்லாததால். அகன்ற இலையின் அடியில் ஆயிரக்கணக்கான இலைத்துளைகள் இருக்கும். கரியமில வாயுவை உள்ளே எடுக்க அவை திறக்கும் போதெல்லாம் நீராவி வெளியே போகும். கேக்டஸ் செடி இலையையே விட்டுவிட்டது. ஒளிச்சேர்க்கை பச்சைத் தண்டுக்கு மாறிவிட்டது. துளைகளைப் பகலில் மூடி, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இரவில் எடுத்த வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்குகிறது. இதில் முள்ளுக்கு எந்தப் பங்கும் கிடையாது. இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா இருந்தாலும் தண்ணீர் மிஞ்சும். நம் ஊர் திருகுகள்ளியைப் பாருங்கள்: இலை என்று பேருக்கு ஏதோ வந்து உதிரும், முள்ளே கிடையாது, பச்சைக் குச்சிகளாக நின்று வறட்சியைத் தாண்டிவிடுகிறது.

ஆகவே முள்ளைச் செய்யச் செடி செலவழிக்கிறது என்றால் அதற்கு வேறு வேலை இருக்க வேண்டும். அந்த வேலை ஊருக்கு ஊர் மாறும் என்பது என் கருத்து.

முள் எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். கேக்டஸின் முள் இலையிலிருந்து வந்தது. வளர்ந்து முடிந்ததும் அது செத்த திசு, தண்ணீரோ உணவோ கேட்காது. காகிதப்பூவிலும் களாவிலும் முள் என்பது கிளை. ரோஜாவில் அது வெறும் மேல்தோலின் வளர்ச்சி, பக்கவாட்டில் தள்ளினால் பெயர்ந்து வந்துவிடும். கருவேலத்திலும் இலந்தையிலும் இலைக்காம்பின் அடியில் வரும் இலையடிச் செதில் முள்ளாகிறது. ஈச்ச மரத்தில் மட்டையின் அடிப்பக்கச் சிற்றிலைகள் முள்ளாகின்றன. பனங்கருக்கு மட்டை விளிம்பின் பல். இத்தனை குடும்பங்கள், ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை, தனித்தனியாக முள்ளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அமெரிக்க கேக்டஸும் நம் சதுரக்கள்ளியும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேறு குடும்பங்கள்.

ரிப்சாலிஸ் என்று ஒரு கேக்டஸ் இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் கேக்டஸ் அது ஒன்றுதான். ஆப்பிரிக்காவிலும் இலங்கையின் ஈரக்காடுகளிலும் மரக்கிளைகளில் தொங்கும். உயரத்தில் நிழலில் இருக்கிறது. மேய வருகிற வாயும் இல்லை, சுட்டெரிக்கும் வெயிலும் இல்லை. அதன் முதிர்ந்த தண்டில் முள்ளும் இல்லை.

---

கொரங்காடு எழுதியது:

வணக்கமுங்க. மூலனூர்ப் பக்கம் எங்கள் மேய்ச்சல் நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. காங்கயம் மாடும் செம்மறியும் வெள்ளாடும் அதற்குள்தான் கிடக்கும். படித்துச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆடு முள்மரத்தைத் தின்னும், அது சரி. எப்படித் தின்கிறது என்று நின்று பாருங்கள். அகத்திக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டால் வாய் நிறைய உருவித் தள்ளும். வெள்வேலக் கொப்பில் அந்த உருவல் நடக்காது. மேலுதட்டை முள்ளுக்கு நடுவே நுழைத்து, இணுக்கு இணுக்காகக் கிள்ள வேண்டும். ஒரு கொப்பில் கொஞ்சம் தின்றுவிட்டு அடுத்த கொப்புக்குத் தாவும், மரம் மொட்டையாகாது. மாட்டுக்கு அந்த வித்தையும் தெரியாது. நாக்கைச் சுருட்டி இழுத்துத் தின்கிற உயிர் முள்கொப்பில் வாய் வைக்கத் தயங்கும். அதனால் மாடு புல்லோடு நிற்கிறது, மரம் மரமாக நிற்கிறது.

கிளுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடை வந்தால் இலையை உதிர்த்துவிடும். பட்டை பச்சையாக இருக்கும், கிளை நுனி முள்ளாக முடியும். காய்ந்துபோன செடி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அந்த வேலிக்குள் பிரண்டையும் கோவைக்கொடியும் நன்றாகத் தழைத்து வரும். வேலியை விட்டு வெளியே தலைகாட்டிய கொடியை அன்றைக்கே ஆடு முடித்துவிடும். முள் தனக்கு மட்டும் காவல் இல்லைங்க, அண்டி வந்ததற்கும் சேர்த்துத்தான்.

---

வாத்தியார்_தாவரவியல் எழுதியது:

> உருவல் நடக்காது, இணுக்கு இணுக்காகக் கிள்ள வேண்டும்

நீங்கள் கண்ணால் பார்த்ததை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள் ஐயா. தென்னாப்பிரிக்காவில் கூடு மான், இம்பாலா மான், வெள்ளாடு மூன்றும் முட்செடிகளை எப்படி மேய்கின்றன என்று கவனித்து 1986ல் கட்டுரை வந்தது. பெரும்பாலான முட்செடிகளை விலங்குகள் தின்னத்தான் செய்தன. ஆனால் ஒரு கடியில் கிடைக்கிற அளவு சிறுத்தது, கடிக்கிற வேகம் தணிந்தது. நாள் முழுக்க வயிற்றை நிரப்பியாக வேண்டிய விலங்குக்கு இது பெரிய இழப்பு. கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு லேசாகக் கிடைக்கிற செடிக்கு நகர்ந்துவிடும். செடிக்கு அதுவே போதும். ஒரு இலைகூடப் போகக் கூடாது என்பது அதன் தேவையே இல்லை.

இலந்தை முள்ளை எடுத்துப் பாருங்கள். பல கணுக்களில் இரண்டு முள் இருக்கும், ஒன்று நேராக, மற்றது கொக்கியாக. நேர்முள் உள்ளே வருகிற உதட்டைக் குத்துகிறது. கொக்கி, வெளியே இழுக்கும்போது மாட்டுகிறது. இலந்தைப்பழம் பறித்தவர்கள் சட்டைக் கையைப் பார்த்தாலே புரியும்.

---

நைரோபிவாசி எழுதியது:

மேல் கொப்பில் முள் ஏன் குறைகிறது என்ற கேள்விக்குக் கென்யாவிலிருந்து பதில் சொல்லலாம். லைக்கிப்பியா மேட்டுநிலத்தில், நம் கரிசலைப் போலவே கருத்து வெடிக்கிற மண்ணில், ஒரே இன வேலமரம் மைல்கணக்கில் நிற்கும். முள்ளின் அடி வீங்கி உருண்டையாக இருக்கும். எறும்புகள் அதில் துளை போட்டுக் குடியிருக்கின்றன. காற்று அந்தத் துளைகளில் பட்டால் விசில் சத்தம் கேட்கும், அதனால் விசில் முள்மரம் என்றே அழைக்கிறார்கள்.

அந்த மரத்தில் ஒட்டகச்சிவிங்கியும் ஆடும் எட்டுகிற உயரத்துக் கிளைகளில் முள் நீளம். எட்டாத கிளைகளில் குட்டை. மேய்ச்சல் பட்ட கிளை அடுத்த முறை நீள முள் விடுகிறது என்று 1987லேயே ஆய்வு வந்துவிட்டது. முள் இலவசமாக வருவதில்லை. அந்தச் சத்தில் இலையோ வேரோ காயோ செய்திருக்கலாம். எட்டாத இடத்தில் மரம் ஏன் செலவழிக்க வேண்டும்? உங்கள் கருவேலங்கன்றும் முதிர்ந்த மரமும் இதே கணக்கில்தான் நடக்கின்றன.

ஆனால் என்னை உலுக்கியது வேறு ஒரு சோதனை. பெரிய விலங்குகள் உள்ளே வராதபடி 1995ல் அங்கே சில வயல்களுக்கு மின்வேலி போட்டார்கள். 10 ஆண்டு கழித்துப் பார்த்தால், மேய்ச்சல் இல்லாத மரங்கள் எறும்புக்குக் கொடுக்கும் தேனைக் குறைத்திருந்தன, வீங்கிய முள்களையும் குறைத்திருந்தன. மரத்தைத் தீவிரமாகக் காக்கும் எறும்பினம் வலுவிழந்தது. அந்த இடத்தை வேறொரு எறும்பினம் பிடித்தது. இந்த எறும்புக்கு முள்வீடு தேவையில்லை. தண்டைத் துளைக்கும் வண்டு விட்டுப்போன பொந்தில் வசிக்கும். அதனால் வண்டு வரட்டும் என்று விட்டுவிட்டது. விளைவு, யானையும் ஒட்டகச்சிவிங்கியும் தொடாத மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாகச் செத்தன. 2008ல் இது வெளியானது. எதிரியை அப்புறப்படுத்தினால் மரம் செழிக்கும் என்றுதானே யாரும் நினைப்போம்? முள், எறும்பு, மேய்கிற விலங்கு மூன்றும் சேர்ந்துதான் அந்த மரத்தை நிறுத்தி வைத்திருக்கின்றன.

---

வைகைக்கரை எழுதியது:

அருமை. ஆட்டுக் கேள்விக்கும் கருவேலங்கன்றுக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. வேலிக்குள் செத்த மரங்களைப் பற்றி இன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாலைவனம் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

---

டூசான்வாசி எழுதியது:

இருக்கிறேன் தம்பி. அரிசோனாவில் டூசானைச் சுற்றி ஸொனோரா பாலைவனம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். குளிர்கால இரவில் உறைபனியும் விழும். இரண்டையும் ஒரே செடி தாங்க வேண்டும்.

முதலில், மேய்ச்சலே இல்லாத இடம் என்று நினைக்காதீர்கள். காட்டுப்பன்றி போன்ற ஹவெலினா சப்பாத்திக்கள்ளி மடலை முள்ளோடு தின்னும். முயல், பொந்தெலி, மான் எல்லாம் உண்டு. மாதக்கணக்கில் மழையே இல்லாமல் போகக்கூடிய ஊரில் கேக்டஸ் என்பது நின்றுகொண்டிருக்கும் தண்ணீர்த்தொட்டி. தாகம் எடுத்த எல்லா உயிருக்கும் அதன்மேல்தான் கண். அப்புறம், வட அமெரிக்காவில் ஒட்டகமும், ஸ்லாத் என்ற மந்த விலங்கின் தரையில் வாழ்ந்த பெரிய இனங்களும் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தன. அந்த வாய்களுக்காக வந்த முள் இன்றும் நிற்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

ஆனால் இங்கே முள்ளுக்கு இன்னொரு வேலை உண்டு, நிழல். டெடிபேர் சோயா என்ற கேக்டஸைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளிநிற மயிர் போர்த்தியது போலிருக்கும். அத்தனையும் முள். தண்டின் தோலே கண்ணுக்குத் தெரியாது. வெயில் முதலில் முள்ளில் விழுகிறது. முள் செத்த திசு, சூடானாலும் நட்டமில்லை. முள்களுக்கு நடுவே காற்று தேங்கி நிற்பதால் அனல்காற்றும் தோலை நேராகத் தொடாது. சகுவாரோ என்ற ராட்சதக் கேக்டஸில் உச்சியைப் பாருங்கள், முள்ளும் பஞ்சுபோன்ற மயிரும் தொப்பியாக மூடியிருக்கும். வளர்முனை அங்கேதான் இருக்கிறது. அது உறைந்தால் அந்தத் தண்டின் வளர்ச்சி முடிந்தது. இரவில் வெப்பம் வானத்துக்குப் போய்விடாமல் அந்தப் போர்வை தடுக்கிறது. கலிபோர்னியாவில் பார்க் நோபல் என்ற ஆய்வாளர் முள்ளை அகற்றியும் அகற்றாமலும் கேக்டஸ்களை அளந்து இதையெல்லாம் கணக்கிட்டிருக்கிறார். குளிர் கூடிய வடக்கு எல்லை வரை எந்தக் கேக்டஸ் போகும் என்பதில் இந்த உச்சிப் போர்வைக்கும் தண்டின் பருமனுக்கும் பங்கு இருக்கிறது.

இதற்கும் விலை உண்டு. முள் வெயிலை மறைத்தால் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய வெளிச்சத்தையும் மறைக்கிறது. அடர்ந்த முள்ளுள்ள தண்டில் இரவு சேரும் அமிலம் குறைவு, அதாவது உணவு குறைவு. மெதுவாக வளர்ந்தாலும் பரவாயில்லை, வெந்து சாகக் கூடாது என்று இருக்கிறது செடி.

சோயாவின் முள்ளில் நுண்ணிய பின்னோக்கிய செதில்கள் இருக்கின்றன. உரசினால் போதும், தண்டின் ஒரு கணு கழன்று உடம்போடு வந்துவிடும். பிடுங்கிப் போடுகிற இடத்தில் அந்தக் கணு வேர்விட்டு வளரும். விதையை நம்பாமல் முள்ளை நம்பிப் பரவுகிற செடி. அந்த முள்காட்டுக்குள்தான் கேக்டஸ் ரென் என்ற குருவி கூடு கட்டும். பொந்தெலி உதிர்ந்த கணுக்களை இழுத்துப்போய்த் தன் வளைக்கு மேலே குவித்து வைக்கும்.

---

மாடித்தோட்டம் எழுதியது:

எல்லோரும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். கேக்டஸ் முள் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும்! முயல்காது கேக்டஸ் என்று நர்சரியில் விற்பார்களே, அதை வைத்து 2012ல் சீன ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். முள் கூம்பு வடிவம். நுனியில் பனித்துளி பிடிக்கிறது. நுனி மெலிந்தும் அடி பருத்தும் இருப்பதால் துளியின் இரண்டு பக்கத்திலும் அழுத்தம் வேறுபடுகிறது. முள்ளின் மேல் இருக்கும் வரிப்பள்ளங்களும் அடியை நோக்கி அகலமாகின்றன. இரண்டும் சேர்ந்து துளியைத் தானாகவே அடிக்கு நகர்த்துகின்றன, முள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும். அடியில் உள்ள மயிர்க்கற்றை உறிஞ்சிக்கொள்கிறது. பாலைவனத்தில் முள் இருப்பதற்கு இதுதான் முதல் காரணம் என்பேன்.

---

வாத்தியார்_தாவரவியல் எழுதியது:

சோதனை அழகானது, அதில் சந்தேகமில்லை. அதைப் பார்த்து மூடுபனி பிடிக்கும் செயற்கை ஊசிகள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் “முதல் காரணம்” என்பதை ஏற்க மாட்டேன். சோதனை செய்தது ஆய்வகத்தில், செயற்கை மூடுபனியில். முயல்காதின் சொந்த ஊர் மெக்சிகோவின் சிவாவா பாலைவனம். அங்கே தண்ணீர் கோடை மழையாக வருகிறது, மூடுபனி நாடு என்று சொல்ல முடியாது. ஒரு முள்ளால் முடிகிறது என்பது ஒரு விஷயம். அந்தச் செடி அதை நம்பி வாழ்கிறது என்பது வேறு.

மூடுபனியை நம்பி வாழும் இடம் வேண்டுமென்றால் சிலியின் அட்டகாமா கடற்கரைக்குப் போக வேண்டும். மழை ஏறக்குறைய இல்லை. கடலிலிருந்து காமன்சாகா என்ற மூடுபனி மலைச்சரிவில் ஏறும். கோபியாபோவா கேக்டஸ்கள் அங்கே பாறை மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்த இனத்தின் முள்ளிலும் பனித்துளி அடியை நோக்கி நகர்வதை அளந்திருக்கிறார்கள். முள் வழியாகவே நீரை உறிஞ்சும் சில சிறு கேக்டஸ் இனங்கள் உண்டு என்று 1973லேயே ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, சில இனங்களில், சில இடங்களில் உண்மை. எல்லாக் கேக்டஸுக்கும் நீட்டக் கூடாது.

---

பனிநாட்டுப்_பனை எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தான், இப்போது நோர்வே. முள்ளைப் பற்றிக் கதைக்கிறீர்கள், ஊசியிலையையும் சேர்த்துக் கதைக்கலாமா? ஏனென்றால் இங்கும் பிரச்சினை தண்ணீர்தான். வந்த புதிதில் எனக்கே நம்ப முடியவில்லை. சுற்றிவரப் பனி, ஆனால் மரத்துக்குத் தண்ணீர் இல்லை. மண்ணில் இருக்கிற தண்ணீர் உறைந்துவிட்டால் வேரால் உறிஞ்ச முடியாது. மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறும்போது இலையிலிருந்து நீராவி போகத் தொடங்கும், கீழிருந்து வருவது நின்றிருக்கும். அது வறட்சியேதான்.

பைன், ஸ்ப்ரூஸ் ஊசிகள் அதற்காகச் செய்தவை. பருமனுக்கு மேற்பரப்பு குறைவு. தடித்த மெழுகுத்தோல். இலைத்துளைகள் பள்ளத்துக்குள் பதுங்கி, அதன் வாயிலும் மெழுகு. உள்ளே கெட்டியான திசு இருப்பதால் வாடினாலும் சுருங்கி மடியாது. தண்டுக்குள் நீர்க்குழாய்கள் மிகவும் ஒடுக்கமானவை, அதனால் உறைந்து உருகும்போது காற்றுக்குமிழி அடைத்து மரத்தைச் சாகடிப்பது குறைவு. குளிர்காலம் முழுக்க ஊசியை வைத்துக்கொண்டிருப்பதில் இலாபம் இருக்கிறது. வசந்தம் வந்த உடனே வேலையைத் தொடங்கலாம், சத்தில்லாத மண்ணில் வருடா வருடம் புது இலைக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

ஊசி கூர்மையாக இருக்கிறதே, மேயவிடாமல் தடுக்குமா என்றால், இங்கே மூஸ் என்ற பெரிய மான் குளிர்காலத்தில் பைன் கிளையைத்தான் தின்று உயிர் வாழ்கிறது. மரத்துக்கு உள்ள பாதுகாப்பு பிசினும் துவர்ப்பும்தான், கூர்மையல்ல. இன்னொரு புதினம்: உலகத்திலேயே மிக வடக்கே காடாக நிற்பது லார்ச் மரம், சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் 72 பாகை வடக்கில். அதுவும் ஊசியிலைதான், ஆனால் இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடும். அவ்வளவு கடுங்குளிரில் ஊசியை வைத்துக் காப்பதைவிடக் கொட்டுவதே மேல் என்றாகிவிடுகிறது.

மாடித்தோட்டம் அண்ணையின் மூடுபனிக் கதைக்கு ஊசியிலை நல்ல சாட்சி. கலிபோர்னியக் கடற்கரையில் ரெட்வுட் என்ற ஊசியிலை மரக் காடுகளில், ஆண்டில் வரும் தண்ணீரில் சுமார் 34 சதவீதம் மூடுபனி கிளையில் பட்டுச் சொட்டியது என்று 1998ல் அளந்திருக்கிறார்கள். கானரித் தீவுகளின் பைன் மரமும் நீண்ட ஊசிகளால் முகிலை வடித்து நிலத்துக்குச் சொட்ட விடும்.

---

வைகைக்கரை எழுதியது:

ஊசியிலை என்றதும் நம் கடற்கரைச் சவுக்கு ஞாபகம் வருகிறது. அதுவும் பைன் வகைதானா?

---

வாத்தியார்_தாவரவியல் எழுதியது:

உறவே கிடையாது. சவுக்கு பூக்கும் தாவரம், நீங்கள் ஊசி என்று பார்ப்பது இலையும் கிடையாது. அது மெல்லிய பச்சைக் கிளை. சின்ன வயதில் அதைக் கணுவில் கழற்றி, மறுபடி சொருகி, எங்கே ஒடித்தேன் என்று கேட்டு விளையாடியிருப்பீர்களே, அந்தக் கணுவில் பல்பல்லாக ஒரு வளையம் தெரியும். அந்தப் பல்தான் இலை. கணுவுக்குக் கணு நீளவாட்டில் ஓடும் பள்ளங்களுக்குள் இலைத்துளைகள் மறைந்திருக்கின்றன. உப்புக்காற்றும் சுடுமணலும் உள்ள கடற்கரையில் இது பலிக்கிறது. வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் நைட்ரஜன் தருவதால் வெறும் மணலிலும் எழும்பிவிடுகிறது.

---

கொரங்காடு எழுதியது:

ஒரு சந்தேகமுங்க. வறட்சித் தீவனத்துக்கு முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளி நடச் சொல்லி வீடியோவெல்லாம் வருகிறது. முள்ளே இல்லையென்றால் செடி தாங்குமா?

---

டூசான்வாசி எழுதியது:

வெயிலைத் தாங்கும் ஐயா, வாயைத் தாங்காது. டெக்சஸில் வறட்சிக் காலத்தில் பண்ணைக்காரர்கள் எரிவாயுச் சுடரைக் காட்டிச் சப்பாத்தியின் முள்ளை மட்டும் பொசுக்குவார்கள். பொசுக்கின மடலை மாடு அங்கேயே நின்று தின்றுவிடும். அதுவரை அதே செடிக்குப் பக்கத்தில் பட்டினி கிடந்த மாடு! முள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

முள்ளில்லாத வகையை 1900களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் லூதர் பர்பேங்க் பெரிய அளவில் விளம்பரப்படுத்தி விற்றார். பாலைவனத்தையே மேய்ச்சல் நிலமாக்கலாம் என்ற நம்பிக்கை. வேலி இல்லாமல் நட்ட இடத்தில் கால்நடையும் முயலும் அடியோடு முடித்துவிட்டன. பிரேசிலின் வடகிழக்கில் இன்று பெரிய பரப்பில் தீவனமாக வளர்க்கிறார்கள், ஆனால் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கிளுவை வேலிக்குள் நட்டால் நல்லது. மடலில் பெரும்பகுதி தண்ணீர், புரதம் குறைவு. அதை மட்டும் கொடுத்தால் சாணம் இளகிவிடும். சோளத்தட்டோடு கலந்து கொடுங்கள். முள்ளில்லை என்று சொன்னாலும் கண்ணுகளில், அதாவது முள் முளைக்கும் புள்ளிகளில், மயிர்போன்ற குத்துமுள் இருக்கலாம். வெறும் கையால் தொடாதீர்கள்.

---

வாத்தியார்_தாவரவியல் எழுதியது:

சப்பாத்திக்கள்ளி வந்ததால் சதுரக்கள்ளிப் பால் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம்.

முள் பெரிய வாய்க்கு எதிரானது. சிறிய வாய்க்கு அது ஒன்றுமே இல்லை. 1780களின் பிற்பகுதியில் சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். அந்தக் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கும் திட்டம் அது. சாயத் தொழில் நிலைக்கவில்லை. ஆனால் சப்பாத்திக்கள்ளி இனங்கள் பரவி நிலத்தைப் பிடித்துக்கொண்டன. மாடு தொடவில்லை, ஆள் வெட்டி மாளவில்லை. கடைசியில் 1926ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு கொச்சினீல் இனம் தென்னிந்தியாவில் ஏராளமான கள்ளியைச் சாகடித்தது. முள்ளுக்கு நடுவே சுகமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சியது, பறவைகூட எளிதில் கொத்த முடியாத இடம். ஆஸ்திரேலியாவில் சுமார் 2.4 கோடி ஹெக்டேரைக் கள்ளி மூடியபோதும் அதே ஆண்டுகளில் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு அந்துப்பூச்சியின் புழுதான் காப்பாற்றியது. அது மடலுக்குள் துளைத்துப் போய் உள்ளிருந்து தின்னும்.

இப்போது சதுரக்கள்ளிக்கு வாருங்கள். துளைக்கிற புழுவுக்கும் கடிக்கிற பூச்சிக்கும் பால். வாயில் ஒட்டிக் கெட்டியாகி அடைத்துவிடும், நஞ்சும் சேர்ந்தது. பெரிய விலங்குக்கு முள். பாலைச் சுவைக்கும் முன்பே, தண்டு ஒடியும் முன்பே திருப்பி அனுப்பிவிடுகிறது. இரண்டும் இருந்தும் ஆப்பிரிக்காவில் கருங்காண்டாமிருகம் கள்ளியை ஒடித்துத் தின்கிறது. எந்தக் காவலும் எல்லா வாய்க்கும் போதுவதில்லை.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேட்டதைவிட அதிகம் கிடைத்தது. கடைசியாக ஒன்று: வீட்டு வராந்தாவில் வைத்திருக்கும் உருண்டைக் கேக்டஸில் புதிதாக வரும் முள் மெலிந்து வெளிறிப் போகிறது, தண்டும் மேலே ஒடுங்குகிறது. உரம் போடலாமா?

---

மாடித்தோட்டம் எழுதியது:

உரம் வேண்டாம், வெளிச்சம் போதவில்லை. நிழலில் முள் இப்படித்தான் வரும். ஆனால் இன்றைக்கே உச்சிவெயிலில் தூக்கி வைத்துவிடாதீர்கள். புது வளர்ச்சியில் முள்நிழல் இல்லாததால் தோல் வெந்து தழும்பாகிவிடும், அது மறையாது. முதலில் காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வையுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். ஒடுங்கிய பகுதி அப்படியேதான் இருக்கும், அதற்கு மேல் வருவது பழையபடி பருமனாக வரும். முள்ளின் அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு கண்ணாகத் துடையுங்கள், துடைத்த பிறகு ஓரிரு நாள் வெயில் காட்ட வேண்டாம்.